பயக்கூலி

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூட வளர்ந்த இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். தட்டில் சோறு போடும்போது நான் வித்தியாசம் பார்த்ததில்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்து ஐந்தையும் ஆளாக்கினேன். யாரிடமும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு மறந்துவிடுவேன்.

எழுத்து எனக்கு வந்தது மகளிர் குழுவில். கைநாட்டு வைக்கக் கூடாது என்று கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். என் பேரோடு நிறுத்திக்கொள்ளாமல் நான் மற்ற எழுத்துகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. நாலு நாளாக எழுதுகிறேன்.

எழுதுவது பாய் என்று நாங்கள் கூப்பிட்ட ஒருவரைப் பற்றி. அவர் பேரை எழுத மாட்டேன். மேலே ஏறியிருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அவருடைய சட்டம். இப்போது அவர் இருப்பதும் மேலேதான்.

கூரைக் காவா சுத்தம் செய்வது அவர் தொழில். தோல் கம்பெனிகளில் இரண்டு கொட்டகை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டு கூரையும் சரிந்து வந்து சேருகிற பள்ளத்தில், மழைத் தண்ணீர் ஓட நீளமாகத் தகரம் அடித்திருப்பார்கள். அதுதான் கூரைக் காவா. வேப்பிலை விழும். காக்கா தூக்கிவந்த தோல் துண்டு கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, தோலைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி போய்ப் படியும். அதில் ஒரு மழை பெய்தால் களி மாதிரி ஆகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வாரிக் கொட்டாவிட்டால் தண்ணீர் உள்ளே வழிந்து, கப்பலேறப் போகிற தோலில் கறை விழும். முதலாளிக்கு அந்தக் கவலை. பாய்க்கு வேறு கவலை.

முதன்முதலில் அவரைப் பார்த்தபோது செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டு மணி அடித்து நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு வருகிறோம், கொட்டகை நடுவில் வெறும் சிமெண்ட் தரையில் ஒரு ஆள் மல்லாந்து கிடக்கிறார். தாடி மார்பில் கிடக்கிறது. கண் திறந்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன்.

"யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கிற."

என்னோடு வேலை செய்த சரோஜாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா பாய், வூட்ல கட்டில் இல்லையா?"

"கட்டில்ல படுத்தா உங்க கம்பெனி கூரை தெரியாதும்மா."

விரலை ஆட்டி ஆட்டிக் கூரையில் ஷீட்டுகளை எண்ணினார். ஒரு அட்டைத் துண்டில் கோடு கோடாகக் குறித்துக்கொண்டார். சிமெண்ட் ஷீட்டில் விரிசல் இருந்தால் பெருக்கல் குறி. நடுநடுவே வெளிச்சம் வரட்டும் என்று பைபர் ஷீட் போட்டிருப்பார்களே, அதற்கு வட்டம். அந்தப் பைபர் ஷீட் வெயிலில் கிடந்து கிடந்து நாலைந்து வருஷத்தில் அப்பளமாகிவிடும். சிமெண்ட் ஷீட்டும் உறுதியென்று சொல்ல முடியாது. கீழே இரும்புச் சட்டம் ஓடுகிற இடத்தில், போல்ட் வரிசை மேல் கால் வைத்தால் தாங்கும். ஒரு அடி தள்ளி வைத்தால் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், கீழே படுத்துப் பார்த்தால்தான் கூரை உண்மையைச் சொல்லும் என்பார்.

அவர் விலை பேசுவது ஊரில் யாரும் பேசாத விதம். காவா எத்தனை அடி, தண்ணீர் இறங்குகிற குழாய் எத்தனை, வாரினால் எத்தனை மூட்டை வரும் என்று மூன்றையும் பார்த்து ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒன்று உண்டு. அதற்குப் பயக்கூலி என்று பேர் வைத்திருந்தார்.

மேனேஜர் அந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். பளபளவென்று ஷூ. "ரெண்டாயிரமா? ஜாஸ்தி பாய். பயத்துக்கெல்லாம் எவனாவது கூலி கேப்பானா?"

"பயப்பட எனக்கு நேரம் ஆவுது சார். பலகை போடணும், நகத்தணும், கயிறு கட்டணும், ஏணி புடிக்க ஒரு ஆளு நிக்கணும். பயம் இல்லாதவன் அரை நாள்ல முடிச்சிட்டுப் போய்டுவான். நான் ரெண்டு நாள் பயப்படுவேன். அதுக்குத்தான் காசு."

"ஆயிரம் தர்றேன்."

"வெலைய தரையில நின்னு பேசக்கூடாது சார். வாங்க."

ஏணியைச் சாத்தினார். நாலு முழ உயரத்துக்கு ஒரு முழம் அடியில் தள்ளி வைத்தார். உச்சியைக் கயிற்றால் கட்டினார். கூரை விளிம்புக்கு மேலே மூன்று படி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். மேலே போகிற கரண்ட் கம்பியை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேனேஜரை முன்னால் ஏறச் சொல்லிப் பின்னாலேயே ஏறினார். மேனேஜர் நாங்கள் பார்க்கிறோம் என்பதற்காக ஏறினார். பாதியில் ஷூ ஒரு தரம் வழுக்கியது. உச்சிக்குப் போனதும் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க சார், எவ்ளோ?"

"ரெண்டாயிரம். இறக்கி வுடு பாய்."

நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. அவர் அந்த ஆளைக் கேலி செய்ய ஏற்றவில்லை. எந்த முதலாளியாக இருந்தாலும், எந்த வீட்டுக்காரராக இருந்தாலும் அப்படித்தான். ஏணி உச்சியில் நின்று சொல்கிற விலைதான் விலை.

ஏணி பிடிக்க என்னைக் கேட்டார். கம்பெனியில் அத்தனை ஆம்பிளைகள் இருக்க என்னை ஏன் என்று எல்லோருக்கும் பொறாமை.

"சரோஜா உன்ன மூணு தடவ கூப்புட்டா, நீ கையில இருக்கற வேலைய வுட்டுட்டுத் திரும்பல. அந்தக் கழுத்து எனக்கு வேணும்," என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும் இரண்டு நாள் நான் ஏணிக்காரி. அவருடைய சட்டங்கள் எனக்கு மனப்பாடம். பனி காயாமல் ஏறக்கூடாது, பாசி வழுக்கும். மேலே வானம் கறுத்தால் வேலை பாதியில் நின்றாலும் இறங்கிவிட வேண்டும். மேலே இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கத்தக் கூடாது. கத்தினால் திரும்புவான். தலை திரும்பினால் கால் திரும்பும்.

இன்னொரு பழக்கம் உண்டு. சீசனின் முதல் வேலையன்று ஒரு பூசணிக்காய் வாங்கிவருவார். ஆயுத பூஜை சமயம் என்பதால் கடையில் குவிந்து கிடக்கும். அதைக் கூரை விளிம்பிலிருந்து கீழே போடுவார். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்க்க வேண்டும். கண்ணை மூடக் கூடாது.

"இன்னா பாய், நீங்களும் திருஷ்டி சுத்திப் போடறீங்களா?" என்று சரோஜா கேட்டாள்.

"திருஷ்டி இல்லம்மா. பயம் செருப்பு மாதிரி. நடக்க நடக்கத் தேயும். வருஷத்துக்கு ஒருக்கா புதுசு மாத்தணும்."

சிதறிக் கிடந்ததை நாங்கள் பெருக்குவோம். அந்தச் சத்தம் இரண்டு நாளைக்குக் காதில் இருக்கும். செருப்புத் தைக்கிற ஊரில் இருந்துகொண்டு அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புரிவது வேறு.

ஊரில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி பாய் என்று பேர். டீக்கடையில் அவர் ஸ்டூலில் உட்காரும் முன்னால் "பாத்து பாய், கயிறு கட்டிக்கினு குந்துங்க" என்பார்கள். அவரும் ஸ்டூலை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அப்படிச் சிரித்தவர்களில் என் பெரிய மகன் சேகரும் ஒருவன்.

அப்போது சேகருக்கு இருபத்துநாலு வயது. கல்யாணமாகி மருமகள் ஆறு மாசக் கர்ப்பம். கட்டட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான், உயரம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த வருஷம் மேனேஜரிடம் நேராகவே போய்விட்டான். "எண்ணூறு குடுங்க சார். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன்." மேனேஜர் வேண்டாம் என்பாரா? ஏணி ஏறவும் தேவையில்லை.

இங்கேதான் நான் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். காலையில் அவன் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு எல்லாச் சட்டமும் தெரியும். ஏணிக்காரி நான். ஆனாலும் மருமகளின் பிரசவச் செலவு கண்ணில் வந்தது. என் மகன் பயப்படாதவன் என்று ஒரு பெருமையும் வந்தது. "பாத்துப் போடா" என்றேன். பாத்துப் போ என்று சொன்னால் போதும் என்று எல்லாத் தாயும் நினைத்துக்கொள்கிறாள்.

அதற்கு முந்தின மாசம் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் வருகிறார்கள் என்று கம்பெனி முழுக்கச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்தார்கள். வெயில் உள்ளே இறங்காது என்று கூரைக்கும் வெள்ளை பெயிண்ட். சிமெண்ட் ஷீட், பைபர் ஷீட், போல்ட் எதையும் விடவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே பகலிலும் லைட் போட்டோம். இருட்டாகிவிட்டதே என்று குறைப்பட்டேனே தவிர, ஏன் இருட்டானது என்று யோசிக்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். மேலே தடதடவென்று நடக்கிற சத்தம். சூப்பர்வைசர் என்னை லைனை விட்டு நகரவிடவில்லை. வெளியே ஏணியைப் பிடிக்க ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் பாய் உள்ளே வந்தார். வேலைதான் கைவிட்டுப் போய்விட்டதே, மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்த தன் பலகைகளை எடுத்துப் போக வந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. சத்தம் கேட்டு நின்றார். பழக்கம் விடுமா, அப்படியே தரையில் மல்லாந்து படுத்தார்.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டி என் சேலை ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

"யம்மா. மேல யாரு?"

"எம் பையன் பாய்."

"கத்தாத. நிமுந்து பாரு. கத்தாத."

பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் பைபர் ஷீட்டில் மட்டும் கொஞ்சம் மங்கலாக வெளிச்சம் ஊறிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு வட்ட நிழல், கூடை. அதற்குப் பக்கத்தில் ஒரு பாதத்தின் நிழல். குதிகாலும் ஐந்து விரலும் தெரிந்தன. இன்னொரு பாதம் சிமெண்ட் ஷீட் மேல் இருந்திருக்க வேண்டும், தெரியவில்லை. இந்தப் பாதம் அழுத்துகிறபோதெல்லாம் ஷீட் தொய்ந்து தொய்ந்து எழும்பியது. அதற்கு நேர் கீழே, இருபத்தைந்தடியில், நான் நின்றுகொண்டிருந்த தரை.

அவன் பேர் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். பெற்ற பிள்ளை பேரை விழுங்குவது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாய் எழுந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லிச் சூப்பர்வைசருக்குக் கையைக் காட்டினார். தோல் தொங்கவிடுகிற நீள மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"நீ ஏணியில ஏறு. பேர் சொல்லாத. வூட்ல பேசற மாதிரி பேசு. மொதல்ல உக்காரச் சொல்லு. நான் கீழருந்து இரும்புச் சட்டத்த தட்டுவேன். தட்டுற எடத்துக்கு நேரா தவழ்ந்து வரச் சொல்லு."

அஞ்சு வருஷம் ஏணி பிடித்தவள், ஒரு தரமும் ஏறினவள் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். சரோஜா கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உச்சிக்குப் போனதும் கண் கூசியது. வெள்ளைக் கூரை வெயிலில் தகதகவென்று கிடக்கிறது. அதில் எது கல், எது அப்பளம் என்று கடவுளுக்கும் தெரியாது. நடுவில் என் பிள்ளை முதுகைக் காட்டி நிற்கிறான்.

"சோறு ஆறிடிச்சி," என்றேன். என் குரல் எப்படி அப்படி வந்ததோ. "அப்டியே குந்து. எழுந்திருக்காத. மெதுவா குந்து."

"இன்னாம்மா நீ இங்க?"

"குந்துடா மொதல்ல."

என் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்துவிட்டான். பக்கத்துச் சிமெண்ட் ஷீட் பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தான், அது அவன் பிறந்த நேரம். கீழேயிருந்து டொக், டொக் என்று கேட்டது.

"அந்தச் சத்தம் வர்ற எடத்துல கைய வை. முட்டிய வை. அடுத்த சத்தம் வர்ற வரைக்கும் நகராத."

ஒரு தட்டு, ஒரு கை. ஒரு தட்டு, ஒரு முட்டி. குழந்தையில் அவன் தவழ்ந்ததைப் பார்த்தவள் நான், இவ்வளவு மெதுவாக அவன் அப்போதும் தவழ்ந்ததில்லை. நாலு தட்டு வந்திருப்பான். அவன் பின்னால் படக்கென்று ஒரு சத்தம். சேற்றுக் கூடை இருந்த இடத்தில் கூடை இல்லை. வெள்ளையில் ஒரு கறுப்பு ஓட்டை. கீழே தரையில் அது விழுந்த சத்தம், அந்தப் பூசணிக்காய்ச் சத்தமேதான். நான் கண்ணை மூடவில்லை.

கூடை பாயின் பக்கத்திலேயே விழுந்து அவர் சட்டையெல்லாம் சேறு. அவர் ஒதுங்கவில்லை என்று சூப்பர்வைசர் பிறகு சொன்னார். தட்டுவதை நிறுத்தவும் இல்லை. எனக்கும் மேலே அது கேட்டது. டொக், டொக்.

இறங்கியதும் சேகர் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. பாய் அவனை அடிப்பார் என்று நினைத்தேன். மூங்கிலைச் சாத்திவிட்டு அவனைக் கேட்டார்:

"இன்னா வெல சொன்ன?"

"எண்ணூறு."

"ஏணி உச்சியில உங்கம்மா நின்னா. அவள கேளு, வெல இன்னான்னு."

அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வீடு, கம்மல், இருபது வருஷ பி.எஃப். பணம், என் இரண்டு கண். அந்த உயரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மறு வாரம் சேகர் தானாகவே போய் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஏழு வருஷம் அவரோடு பயப்படக் கற்றுக்கொண்டான். ஒரு தரம் நான் பாயைக் கேட்டேன், ஏன் பாய் உங்களுக்கு இவ்வளவு பயம் என்று. பலகையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மொத வருஷம் நான் பயப்படல. அன்னிக்கு ரெண்டு பேர் ஏறினோம்."

அவ்வளவுதான். இறங்கினது எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

அவர் போனது கட்டிலில், பேரன் பேத்திகள் சுற்றி நிற்க, சளிக் காய்ச்சலில். பார்க்கப் போனபோது, "பாத்தியா, தரையிலயே போறேன்" என்று பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைக்காரி, அதனால் அந்தப் பெருமை எனக்குப் புரிந்தது.

இப்போது சேகரிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். பெல்ட் இருக்கிறது, அலுமினிய ஏணி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளி பக்கத்து ஷூ கம்பெனியிலிருந்து அவன் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கூரை. சாப்பிட்டுக்கொண்டே எச்சில் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தான், விலையைச் சொல்லிவிட்டான்.

"போய்ப் பாக்கலையாடா?"

"அதான் போட்டோ கீதேம்மா. இருபது வருஷத்துக்கு மேல ஏறுறேன். கூரைய பாத்தா தெரியாதா?"

போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக் கூரை. சுத்தமாக, தகதகவென்று வெள்ளை.

இந்த வருஷம் அவன் பூசணிக்காயும் வாங்கவில்லை. கிலோ என்ன விலை தெரியுமா என்கிறான்.

பழைய கதையை ஞாபகப்படுத்தினால் சிரிக்கிறான். டீக்கடையில் அதற்குக் கூடை விழுந்த கதை என்று பேர். கூடைதானே விழுந்தது, நான் இரும்புச் சட்டத்தின் மேல்தானே நின்றேன் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வானத்துப் பக்கம் நின்றவன். கீழேயிருந்து பார்த்தது நானும் பாயும். அந்த ஷீட்டில் அவன் பாதம் இருந்தது, ஐந்து விரலும் இருந்தது என்று நான் அவனிடம் சொன்னதில்லை. பாயும் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரி தூங்க மாட்டான் என்று விட்டுவிட்டேன். அவன் நன்றாகத் தூங்கிவிட்டான். பயம் தேய்ந்துவிட்டது.

பவித்ரா, கண்ணு, இங்கே வா. அன்றைக்கு ஆறு மாசமாக உங்கம்மா வயிற்றில் இருந்தவள் நீதான், நீதான் வாசிக்க வேண்டும். என் எழுத்து கோணல், நிதானமாகப் பார்த்துப் படி. உங்கப்பா நாட்றம்பள்ளிக்குப் போக வாசலில் ஏணியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். பேர் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட வேண்டாம். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. பாதம் வருகிற இடத்தில் இன்னும் சத்தமாக. அவனே திரும்பட்டும். இன்னும் தரையில்தான் நிற்கிறான், திரும்பலாம்.